ஒரு பிடி பழைய சென்னாக்கூனி

எங்கள் லேபுக்குக் கருவாட்டு சாம்பிள் வந்தால் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். "உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்று ஒரு சிரிப்பு வேறு. ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது. அப்புறம் நானும் வீம்புக்கு நின்றேன். மத்தியானம் எல்லோரும் டப்பா திறக்கும்போது வேண்டுமென்றே என் டப்பாவை முதலில் திறப்பேன். ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிறவளின் டப்பாவில் சென்னாக்கூனிப் பொடி இல்லாமல் வேறென்ன இருக்கும்? சென்னாக்கூனி என்பது பொடிப்பொடியான இறால். வெயிலில் காயவைத்து, வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து இடித்தால் வெறும் சோறுகூடத் தொண்டையில் இறங்கிவிடும். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்தட்டும் என்று நிதானமாகச் சாப்பிடுவேன். அந்த டப்பாவை இப்போது திறப்பதில்லை.

உணவுப் பண்டங்களில் பூஞ்சை வித்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. செடிக்கு விதை போலப் பூஞ்சைக்கு வித்து. தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பொருளில் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், ஈரம் கண்டால் முளைக்கும். அதைப் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை, மைக்ராஸ்கோப் இருக்கிறது. மற்றதிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். ஒரு பிடி இறால் கருவாட்டில் ஓடு இருக்கும், மீசை இருக்கும், உப்பு, மணல், எண்ணெய்ப் பசை எல்லாம் இருக்கும். இந்தக் குப்பைக்கு நடுவே வித்து எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யார் கண்டது?

முதலில் கருவாட்டைச் சுத்தமான நீரோடு ஒரு பையில் போட்டு, மெஷினில் வைத்து அடிக்கவிடுவோம். அந்த நீரில் சோப்பு மாதிரி ஒரு திரவம் ஒரு சொட்டு சேர்க்க வேண்டும். வித்துக்கு மேலே மெழுகுபோல ஒரு பூச்சு உண்டு, தண்ணீரில் நனையாமல் திரண்டு திரண்டு மிதக்கும், அதற்காக. பிறகு வடிகட்டி இறாலின் ஓடு, மீசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கெட்டியான சர்க்கரைக் கரைசலின் மேல் மெதுவாக ஊற்றி, மெஷினில் வேகமாகச் சுற்றவிட வேண்டும். எண்ணெய்ப் பசை மேலே போய்விடும். மணல் அடியில் தங்கிவிடும். நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு மெல்லிய கலங்கல் நிற்கும். அதை மட்டும் உறிஞ்சி எடுத்து, துளைகள் கண்ணுக்கே தெரியாத ஒரு வடிதாளில் விட்டால் நீர் இறங்கிவிடும், வித்து மேலே நின்றுவிடும். அந்தத் தாளைப் பூஞ்சைக்கென்றே தயாரித்த கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்து, கதகதப்பான பெட்டிக்குள் மூடிவிட்டு, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வித்துக்கு உயிர் இருந்தால் தட்டில் முளைத்துக் காட்டும்.

ஒரு குறிப்பிட்ட கூழ் இருக்கிறது. நாங்கள் பயப்படுகிற பூஞ்சை அதில் முளைத்தால் தட்டின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறமாக மாறிவிடும். மேலே மஞ்சளும் பச்சையுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அது விடுகிற விஷம் சமைத்தாலும் போகாது, ஈரலைத் தின்னும். அதனால் எல்லாத் தட்டையும் திருப்பித் திருப்பி அடியைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவள், கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். நான் படிக்கவேண்டும் என்று தான் பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் வீட்டுக்காரர் கேரளாப் பக்கம் போட்டில் வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கூட்டிப்போன ஆளைக் கேட்டால் "அங்கதான் எங்கியாச்சும் இருப்பாரு" என்றான். அக்கா இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். நைனா மீன் பிடிக்க ஏரிக்குப் போகிறார், வருகிறார். முகத்துவாரம் மணல் மூடி, கடல் மீன் உள்ளே வராமல் கிடக்கிற ஏரியில் போய் வருவதைத் தவிர அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

எனவே அக்கா, தெருவில் இருக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சென்னாக்கூனி காயவைத்து விற்க ஆரம்பித்தாள். மெட்ராஸில் தொக்கும் பொடியும் பாக்கெட் போடுகிற ஒருவர் வந்து பார்த்தார். வாடை நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது, வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, லேபில் பாஸாக வேண்டும். அக்கா அவரைப் பார்த்து, "அதுக்கு எங்க வூட்லயே ஆள் கீது" என்றாளாம். எங்கள் லேபின் பொறுப்பில் இருக்கும் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். வெளியே ரிப்போர்ட் தருவதை வேறு ஆள் பார்க்கட்டும், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் நீயே செய் என்று அனுமதித்தார்.

இந்த ஆர்டர் கைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். குஜராத்தில் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் பெண்களைக் கூட்டிப்போகிற ஏஜெண்ட் ஏற்கெனவே எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பெண்களை அழைத்துப்போயிருந்தான். ஐஸ் தண்ணீரில் நாளெல்லாம் கை. தங்குவது கம்பெனி ஷெட்டுக்குள்ளேயே. பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. அக்காவிடமும் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தான். அக்கா, "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தாள்.

முதல் சாம்பிளை நானே பையில் போட்டு ரயிலில் எடுத்துப் போனேன். அடித்தேன், வடித்தேன், சுற்றவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து தட்டைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு. ஒன்றில் இல்லை, எல்லாத் தட்டிலும்.

"இன்னாடி சொல்ற? கைல குளோவ்ஸ் மாட்டிக்கினுதான காய வெச்சோம்" என்றாள் அக்கா. "பூஞ்சை கீதுன்னா எங்க கீது? காட்டு."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"கண்ணுக்கே தெரியாதத வெச்சிக்கினு எங்க வயித்துல அடிக்கிறியா?"

எனக்கும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். காயவைப்பதை அடியோடு மாற்றினேன். தரையில் பரப்பக்கூடாது, கம்பு நட்டு வலை கட்டி அதன்மேல்தான். வாடைக் காற்றில் ஈரம் ஏறும் என்பதால் பொழுது சாய்வதற்குள் வாரிவிட வேண்டும். உப்பைப் புதிதாக வாங்க வேண்டும். அக்கா முணுமுணுத்தாலும் ஒன்றையும் விடவில்லை, மற்ற பெண்களையும் விரட்டி விரட்டிச் செய்யவைத்தாள். அடுத்த சாம்பிளும் ஆரஞ்சு.

என் படிப்பின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது அப்போதுதான். கூழ் ஊற்றிய தட்டுகளை ஊருக்கு எடுத்துவந்து, காயவைக்கிற இடத்தில் திறந்து வைத்துக் காற்றில் இருப்பதைப் பிடித்தேன். கறுப்பு வந்தது, வெள்ளை வந்தது. ஆரஞ்சு வரவில்லை. உப்பில் இல்லை. வலையில் இல்லை. பரப்பிய அன்றைக்கே எடுத்த சென்னாக்கூனியில் இல்லை, காய்ந்து முடிந்ததிலும் இல்லை. கோணிக்குள் போய்விட்டு வந்தால் மட்டும் இருந்தது. கோணியை மாற்றச் சொன்னேன். கடையிலிருந்து புதுக் கோணி வந்தது. மெட்ராஸ்காரர் போனில், "இதோட கடைசிம்மா, எனக்கும் வேலை நடக்கணும்ல" என்றார். புதுக் கோணியில் போட்ட சரக்கிலும் அதே ஆரஞ்சு.

அன்று திரும்பி வரும்போது அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலை ரொம்ப நேரம் நிறுத்திவிட்டார்கள். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வீட்டில் போய் எந்த வாயால் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வழியொன்றும் தெரியவில்லை. போய்ச் சொன்னேன். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. "சரி, சோறு துன்னு" என்றாள். மறுநாள் காலையில் அந்த ஏஜெண்டுக்குப் போன் போட்டு, வருவதாகச் சொல்லிவிட்டாள்.

எனக்குத்தான் விடமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காய்ந்து கிடந்த மிச்சச் சரக்கைக் கட்டப்போகிறோம் என்றார்கள். நான் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்து, அவர்கள் செய்வதை மட்டும் பார்த்தேன். பெண்கள் வாரி வந்தார்கள். சலித்தார்கள். அக்கா புதுக் கோணியை உதறி வாயை விரித்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவின் மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியை எடுத்து, பானையின் அடிவரைக்கும் கையை விட்டு, ஒரு பிடி பழைய சென்னாக்கூனியை எடுத்துக் கோணியின் அடியில் போட்டாள். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குமேல் புதுச் சரக்கைக் கொட்டினாள். கடைசியில் புதியதில் ஒரு பிடி பானைக்குள் திரும்பப் போனது.

எங்கள் பக்கத்தில் வெறுங்கோணியில் சரக்கைக் கொட்டமாட்டார்கள். முந்தின வருஷத்தது ஒரு பிடி அடியில் இருக்க வேண்டும். பானையையும் ஒருநாளும் வழித்துக் காலி செய்யக்கூடாது. ஏரிக்கும் கடலுக்கும் போனவர்கள் திரும்பி வரும்வரை வீட்டில் கருவாட்டுப் பானை காலியாக இருக்கக்கூடாது என்பது அம்மா சொல்வது. இது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்று அந்தப் பெண்களை எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒருத்தியும் இதைச் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது செய்கிற வேலை என்று சொல்வார்களா? கண்முன்னே நடந்தும் எனக்கும் மனதில் படவில்லை.

பானையின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப்போனேன். அதற்குச் சர்க்கரைக் கரைசலே தேவைப்பட்டிருக்காது. மெஷின் சுற்றி நின்றதும் நடுவில் அவ்வளவு கெட்டியாக ஒரு பட்டை. மைக்ராஸ்கோப்பில் கொத்துக் கொத்தாக வித்து. தட்டு இரண்டாம் நாளே முழுக்க ஆரஞ்சாகிவிட்டது. அம்மா காலத்திலிருந்து, ஒருவேளை அதற்கும் முன்னாலிருந்து, ஒவ்வொரு வருஷமும் பழையது புதியதற்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. என் மத்தியான டப்பாப் பொடியும் அந்தப் பானையிலிருந்துதான்.

அம்மா ஈரல் கெட்டுத்தான் செத்தாள். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் கிடந்தாள். குடிப்பாங்களா என்று டாக்டர் கேட்டபோது நைனா அவமானத்தில் அழுதார். மேடத்திடம் கேட்டேன், இதனால் இருக்குமா என்று. அவர் தட்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். "இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். இனிமே யாராலும் சொல்ல முடியாது" என்றார். அவர் நல்லவர், பொய் சொல்லமாட்டார். எனக்கு அன்றைக்கு ஒரு பொய் தேவைப்பட்டது.

பார்த்து முடித்த தட்டுகளை அப்படியே தூக்கிப் போடக்கூடாது. பெரிய குக்கர் மாதிரி ஒரு கலத்தில் அடைத்து, நீராவியில் வேகவைத்து, உயிர் போனபிறகுதான் குப்பைக்கு. தினமும் செய்கிற வேலை, யோசிக்காமல் செய்வேன். அன்றைக்குக் கை வரவில்லை. அம்மா கையால் அள்ளிப் போட்டதிலிருந்து வந்து, இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே பொருள் அதுதான் என்று புத்தி போயிற்று. அவளைக் கொன்றதும் அதுவாக இருக்கலாம். தட்டுகளை அடுக்கி மூடியைத் திருகிவிட்டு, வெளியே வந்து நின்று அழுதேன்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவளும் பிள்ளைகளும் அந்தப் பானையிலிருந்துதான் தின்கிறார்கள். பானையை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் ஈரலை மட்டும் சொல்லவில்லை. அக்காவே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்ப அம்மாவுக்கும் இதுதானா?"

"தெரிலக்கா. யாருக்கும் தெரியாது."

மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "நான் இத காலி பண்ணாம வெச்சிருந்தது அவருக்காகத்தான். வந்துடுவாருன்னு" என்றாள். அவள் வீட்டுக்காரரைச் சொன்னாள். எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக யாரும் எடுக்காத பேச்சு அது. பானை கழுத்துவரைக்கும் நிறைந்திருந்தபோதே வராத மனுஷன் இனி எங்கே வரப்போகிறான் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவளே எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மணலில் குழி தோண்டி, பானையைக் கவிழ்த்துக் கொட்டி மூடினாள். உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள். வழிக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நைனா வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரவில்லை.

ஏஜெண்டுக்குச் சொன்ன நாள் வருவதற்குள் கடைசியாக ஒருமுறை எல்லோரும் சேர்ந்து காயவைத்தோம். அக்கா புது டிரம்மில் கொட்டினாள், அடியில் ஒன்றும் போடாமல். கொட்டுவதற்கு முன் அவள் கை ஒரு நொடி பக்கத்தில் பானையைத் தேடியது, பார்த்தேன். நான் சாம்பிளை எடுத்துப்போய் வடித்து, தட்டில் வைத்து, பெட்டியில் மூடினேன். பெட்டிக்குள் தட்டு இருக்கும்போதே அக்கா கிளம்பிவிட்டாள். ஏஜெண்ட் டிக்கெட் எடுத்துவிட்டான், எனக்காக ரயில் காத்திருக்குமா? சென்ட்ரலில் பெரியவள் தன் அம்மாவின் முந்தானையை விடவேயில்லை. சின்னவளுக்கு விஷயம் புரியவில்லை, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்கா என்னிடம் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள். வண்டி நகரும்போதுதான், "பானைய காலியா வெக்காதடி, புதுசுல கொஞ்சம் போட்டு வை" என்றாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு தட்டாகத் திருப்பினேன். ஆரஞ்சு இல்லை. வெள்ளையாக ஒன்றிரண்டு புள்ளி, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சுத்தமான தட்டு. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு தட்டுக்காக நான் காத்திருந்ததில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இரண்டு நாள் முந்திக் கிடைக்கவில்லை என்று நின்றேன். மெட்ராஸ்காரருக்குப் போன் செய்தேன். "நாகப்பட்டினத்துல எடுத்துட்டேனேம்மா, அவங்களோட வருஷத்துக்குப் பேசியாச்சு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பானையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கொதிக்கிற நீரை ஊற்றித் தேய்த்தேன், வெயிலில் வைத்தேன், மறுபடி ஊற்றினேன். உள்பக்கத்தைத் துடைத்து எடுத்துப்போய்ப் பார்த்தால் மறுபடியும் ஆரஞ்சு. மண்பானை. அதன் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதை எந்தக் கரைசலாலும் என்னால் பிரித்தெடுக்க முடியாது. லேப் கலத்தில் வைத்து வேகவிடலாம் என்றால் அந்த வாய்க்குள் அது நுழையாது. கொண்டுவந்து வேலியோரம் கவிழ்த்து வைத்தேன். பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பெரியவள் ஏன் என்று கேட்கவில்லை. தன் அம்மா குஜராத்துக்குப் போனதிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை.

அக்கா வாரத்தில் ஒருநாள் பேசுவாள். ஐஸில் ஊறி விரல் மரத்துப்போகிறது, போன் பிடிக்க முடியவில்லை, கூட இருக்கிற பெண் காதில் பிடித்துக்கொள்கிறாள் என்றாள். சுத்தமான தட்டைப் பற்றிச் சொன்னேன். "பார்த்தியா, நான் சொல்லல? நம்ம சரக்கு நல்ல சரக்குதான்" என்றாள். சந்தோஷமாகவே சொன்னாள். மெட்ராஸ்காரர் சொன்னதையும் சொன்னேன். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பானைல புதுசு போட்டியாடி?"

நான் கொல்லையில்தான் நின்றிருந்தேன். வேலியோரம் பானை கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் சின்னவளின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

"போட்டு வெச்சிருக்கேன்க்கா."

"அடில கொஞ்சமா?"

"கழுத்து வரைக்கும்."

"அப்ப சரி" என்றாள் அக்கா. "நான் வந்துடுவேன்."